இலை உதிரும் சோலையிலே

‘இலையுதிர்காலம்’ என்ற சொல் நம் பள்ளிப் பாடநூல்களில் இருந்தது. நம் ஊர்களில் இருந்ததில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவ்வாறில் இலை உதிர்வதற்கென்று ஒரு பொழுது இல்லை. ஐரோப்பியர் இலை உதிர்வதைப் பார்த்து நிற்கும் ஐப்பசித் திங்களில் நாம் குடை பிடித்து நிற்கிறோம். நம் மரங்கள் இலை உதிர்ப்பதோ மாசி பங்குனியில், அதாவது தவக்காலத்தில். சாம்பற் புதன் தொடங்கிப் பாஸ்கா வரையில், கோவில் வளாகத்தை நாளுக்கு இருமுறை பெருக்கினாலும் அரச மரமும் நாட்டு வாதுமையும் விடுவதில்லை என்று கோவிற்பிள்ளை முறையிடாத பங்கு எது?

ஆகவே, அந்தப் பாடநூற் சொல்லின் பொருளை நாம் கண்ணாரக் கண்டது ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் லூர்து நகர்த் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு, நம் பங்குக் குடும்பம் ஒன்றின் அழைப்பை ஏற்று, இலண்டன் மாநகரின் தென்மேற்கே கிங்ஸ்டன் பகுதியில் நான்கு நாள்கள் தங்கினோம். அவ்வீட்டு மகன் கணினித் துறையில் பணிபுரிபவர். அவருடைய தாயார் அந்த ஆண்டு பங்குனியில் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் நாமே. தனித்துவிட்ட தந்தையை ஆனி மாதம் மகன் தம்முடன் அழைத்துச் சென்றுவிட்டார்.

எழுபத்தைந்து வயதுவரை ஏர் பிடித்த மனிதர் அவர். அங்கே நாம் கண்டபோது, கம்பளிக் குல்லாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சன்னலோரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். நாம் வணங்கியபோது, “வாங்க சாமி” என்றதோடு சரி. அன்றிரவு மகன் நம்மைத் தனியே அழைத்து இரண்டு காரியங்களைச் சொன்னார். தந்தை நான்கு மாதங்களாக வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்பது ஒன்று. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் இரண்டு ஏக்கர் நிலத்தையும் விற்றுவிட எண்ணியிருப்பதாகவும், அதைத் தாம் சொன்னால் தந்தை மனமுடைந்து போவாராகையால் நாம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் மற்றொன்று. முதலாவதற்கு உடனே இசைந்தோம். இரண்டாவதற்கு ‘பார்க்கலாம்’ என்றோம். குருக்களுக்கு ‘பார்க்கலாம்’ என்ற சொல் எத்துணை உதவுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மறுநாள், பள்ளிக்கு இடைவிடுமுறையாக இருந்ததால், ஒன்பது வயதுப் பேத்தியை வழிகாட்டியாகக் கொண்டு மூவருமாக ரிச்மண்ட் பூங்காவுக்குப் புறப்பட்டோம். சாமி கூப்பிட்டதை மறுக்க முடியாமல் பெரியவர் எழுந்தார். மகனின் கால்சட்டையும் மேலங்கியும் அவருக்கு ஓரளவு நீளமாகவே இருந்தன.

பூங்கா என்றதும் நம் நகராட்சிப் பூங்காவை எண்ணிவிடலாகாது. ரிச்மண்ட் பூங்கா 2,500 ஏக்கர் பரப்புடையது. இலண்டனில் உள்ள அரச பூங்காக்களுள் மிகப் பெரியது. பூச்செடிப் பாத்திகள் அதில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியதெல்லாம் புல்வெளியும், மேடும், பெரணிப் புதரும், முதிர்ந்த மரங்களும், மான் கூட்டமும்தான். 1625ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது மன்னர் முதலாம் சார்லஸ் ரிச்மண்ட் அரண்மனைக்கு வந்தார். பின்னர் தம் மான் வேட்டைக்கென இந்நிலத்தை வளைத்து 1637இல் எட்டு மைல் நீளத்துக்கு மதில் எழுப்பினார். அதனுள் ஏழைகளின் மேய்ச்சல் நிலங்களும் சேர்ந்தே அடைபட்டன, மக்கள் வெகுண்டனர். பின்னொரு காலத்தில் அரசகுமாரி ஒருத்தி வாயில்களைப் பொதுமக்களுக்கு அடைத்தபோது, ஜான் லூயிஸ் என்னும் உள்ளூர் பீர் வடிப்பாளர் வழக்குத் தொடுத்து, 1758இல் நடைவழி உரிமையை மீட்டுத் தந்தார். நம் ஊர்களில் பொதுப்பாதைக்காக நீதிமன்றம் ஏறி இறங்குவோருக்கு இச்செய்தி ஆறுதலாக இருக்கலாம்.

கிங்ஸ்டன் வாயிலில் நுழைந்து சற்றுத் தொலைவு நடந்திருப்போம். பெரியவர் நின்றுவிட்டார். எதிரே பெரிய ஓக் மரத்தின் கிளையொன்று முறிந்து, பட்டை உரிந்து, பாசி படர்ந்து தரையில் கிடந்தது. சற்றுத் தள்ளி முழு மரமே ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது.

“விறகு இப்படி வீணாய்க் கிடக்கிறதே, சாமி” என்றார் அவர். நாம் வந்த பின்னர் அவர் தாமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். “ஒரு வண்டி தேறும். எடுப்பார் இல்லையா?”

“எடுக்கக் கூடாது தாத்தா” என்று பேத்தி முந்திக்கொண்டாள். “அது வண்டுகளுடைய வீடு.”

அவள் சொன்னது உண்மையே. மான் கொம்பு போன்ற தாடைகளையுடைய பெரிய வண்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வண்டினங்களுள் அதுவே பெரியது. அதன் புழு மண்ணுக்கடியில் மட்கிய மரத்தைத் தின்றுகொண்டு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை வாழ்கிறது. வண்டாக வெளிவந்து சிறகு விரிப்பதோ ஒரு கோடையின் சில வாரங்களே. பட்ட மரத்தை அகற்றிவிட்டால் அதன் குலமே அற்றுப்போகும். ஆதலால் இங்கே விழுந்த மரம் விழுந்தபடியே விடப்படுகிறது. நின்றபடி பட்டுப்போன மரமும் பாதைக்கு இடரில்லையெனில் நின்றபடியே இருக்கிறது. காளான்களும், மரங்கொத்திகளும், பொந்தில் உறங்கும் வௌவால்களும் இந்தச் செத்த மரங்களை நம்பியே இருக்கின்றன. பூங்கா 2000ஆம் ஆண்டில் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு அவையும் ஒரு காரணம்.

பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்த வீட்டுக்காரருக்கு, ஒரு வண்டி விறகை வண்டுக்குக் கொடுப்பது அத்துணை எளிதன்று.

ஆனால், நாம் காணாத ஒன்றை அவர் கண்டார். தனித்தனியே நின்ற மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம், நூல் பிடித்து வெட்டியது போல ஒரே உயரத்தில் நின்றன. தோட்டக்காரரின் கைவண்ணம் என்றே நாம் எண்ணியிருந்தோம். “வெட்டினது இல்லை சாமி, கடித்தது. கழுத்தை நீட்டினால் எட்டுகிற மட்டம். நம்ம ஊரில் ஆடு எட்டுகிற மட்டத்தில் கருவேல மரம் இப்படித்தான் நிற்கும்” என்றார். அவர் சொன்னதே சரி. அது மான்கள் மேய்ந்த எல்லை. பழைய ஓக் மரங்கள் பலவற்றின் தண்டு, மான் எட்டாத உயரத்துக்கு மேல் குட்டையாகித் தலைபருத்து நிற்பதற்கும் அவரே விளக்கம் தந்தார்: ஆட்டுத் தழைக்கும் விறகுக்கும் திரும்பத் திரும்பக் கழித்த மரம் அது என்றார். அவ்வாறு கழிக்கப்பட்ட மரங்களே நெடுங்காலம் வாழ்ந்திருக்கின்றன. மேல்பாரம் இல்லாததால் புயலில் அவை சாய்வதில்லை. இப்பூங்காவில் ‘அரச ஓக்’ என்று பெயர்பெற்ற மரத்தின் வயதை 700 ஆண்டுகளுக்கு மேல் எனக் கணக்கிடுகிறார்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் மறைந்து ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள் ஆகின்றன. அம்மரத்தைத் தேடிச் செல்ல நமக்கு நேரமில்லாமற் போயிற்று.

அப்போது சரிவின் கீழிருந்து ஓர் ஓசை எழுந்தது. காளையின் உறுமலோ, ஏதோ பழுதான எந்திரமோ என ஐயுற்றோம். செம்மான் கலையொன்று பெரணிப் புதரிலிருந்து தலை நீட்டிற்று. கொம்புகளில் காய்ந்த பெரணித் தழை மாலைபோலத் தொங்கிற்று. செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை அவற்றின் இணைசேர் பருவம். கலைமான்கள் சேற்றிலும் தம் சிறுநீரிலும் புரண்டு, உரக்க முழங்கி, போட்டியாளருடன் கொம்பு கோத்துப் பொருதுகின்றன. பிணைகளைக் காத்து நிற்கும் கலை அந்நாள்களில் மேய்வதையே ஏறக்குறைய மறந்து, உடல் மெலிந்துபோகிறது. ஐம்பது மீட்டருக்குள் நெருங்கலாகாது என்பது பூங்காவின் எச்சரிக்கை. காற்று நம் பக்கம் திரும்பியதும் ஒரு நாற்றம் வந்தது.

“பொலிகிடாய் வாடை!” என்று பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். தாத்தா சிரித்ததைப் பேத்தி வியப்போடு பார்த்தாள்.

இந்த அழகிய கொம்புகள் வரும் வசந்தத்தில் தாமே கழன்று விழுந்துவிடும் என்றும், கோடை முடிவதற்குள் புதியவை முளைத்துவிடும் என்றும் சொன்னோம். அவர் எளிதில் நம்பவில்லை. மாட்டுக்குக் கொம்பு முறிந்தால் முறிந்ததுதானே! நம் நாட்டுப் புள்ளிமானும் அவ்வாறே கொம்பை உதிர்ப்பது. திருகுகொம்புடைய வெளிமானோ உதிர்ப்பதில்லை.

செம்மானும், அதனினும் சிறிய ஃபாலோ மானுமாக ஏறத்தாழ 630 மான்கள் இங்கே உள்ளன. அந்த எண்ணிக்கை தானாக நிலைத்து நிற்பதன்று. ஓநாயும் புலியும் இல்லாத மதிலுக்குள் மான் பெருகினால் புல் போதாது. ஆதலால் ஆண்டுதோறும் நவம்பரிலும் பிப்ரவரியிலும் இரவில் வாயில்களை அடைத்துவிட்டுக் குறிப்பிட்ட அளவு மான்களைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பேத்திக்கு இது தெரியாது, நாமும் சொல்லவில்லை. அழகிய காட்சிகளின் பின்னே இத்தகைய கணக்குகளும் இருக்கின்றன.

இனி இலைகளுக்கு வருவோம். பாதையின் இருமருங்கிலும் பீச் மரங்கள் செம்புநிறமாகவும், பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும், ஓக் மரங்கள் தவிட்டு நிறமாகவும் நின்றன. காற்று வீசும்போதெல்லாம் நூறு இருநூறு இலைகள் சுழன்று இறங்கின. காற்றுதான் இலையைப் பிடுங்குகிறது என்று நாம் எண்ணியிருந்தது பிழை. உதிர்ப்பது மரமே. பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் மரம் அதைக் கணக்கிட்டு அறிகிறது. இலண்டனில் ஜூனில் பதினாறு மணிக்கும் மேல் நீளும் பகல், டிசம்பரில் எட்டு மணிக்கும் குறைந்துவிடுகிறது. அந்த மங்கிய வெளிச்சத்தில் இலை சமைக்கும் உணவு அதைப் பேணும் செலவுக்குப் போதாது. உறையும் குளிரில் வேரால் நீரும் எடுக்க இயலாது. எனவே மரம் முதலில் இலையின் பச்சையத்தைக் கலைத்து, அதிலுள்ள தழைச்சத்தின் பெரும்பங்கைத் தண்டுக்கும் வேருக்கும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், கோடையெல்லாம் அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பு மட்டும் அப்பருவத்தில் புதிதாக உண்டாவது. பின்னர், காம்பு கிளையோடு சேரும் இடத்தில் தக்கை போன்ற மெல்லிய தடுப்பொன்றை எழுப்பிக் காயத்தை முன்கூட்டியே மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு இலை வெறும் நாரினால் தொங்குவதுதான். காற்று வந்து தொட்டால் போதும்.

அந்த ஆண்டு அங்கே மற்றொரு விந்தையும் நிகழ்ந்திருந்தது. 2022 ஜூலையில் இங்கிலாந்தின் வெப்பம் முதன்முறையாக 40 பாகை செல்சியசைக் கடந்தது. மழையும் பொய்த்தது. தாகம் தாங்காத மரங்கள் பல ஆகஸ்டிலேயே இலைகளை உதிர்த்து நின்றன. செய்தித்தாள்கள் அதைப் ‘பொய் இலையுதிர்காலம்’ என்று எழுதின. நம் பங்குனி மாதத்து அரச மரம் செய்வதும் அதுதான்: குளிருக்கு அஞ்சி அன்று, வறட்சிக்கு அஞ்சி. இதைச் சொன்னதும் பெரியவர் மெல்லத் தலையசைத்தார். “அவள் போனதும் அப்போதுதான் சாமி. வாசல் முழுக்கச் சருகு. கூட்டிக்கூடப் போடவில்லை” என்றார்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

பிறகு அவர் தாழ்ந்த கிளையொன்றைப் பற்றி வளைத்தார். ஒடிக்கவில்லை. ஒரு மஞ்சள் இலையின் காம்பைக் கட்டைவிரலால் தொட்டார். அது கையோடு வந்தது. அது இருந்த இடத்துக்கு நேர் மேலே, மிளகளவில், செதில் மூடிய ஒரு மொட்டு இருந்தது. “கரும்புக் கணுவில் இருக்கிற கண் மாதிரி, பாருங்கள். இலை விழுந்த பிறகு இது வருவதில்லை சாமி. முன்னாலேயே வைத்துவிடுகிறது” என்று பேத்தியின் விரலைப் பிடித்து அதன்மீது வைத்தார். பள்ளியில் பச்சையத்தைப் பற்றிப் படித்திருந்த அப்பிள்ளைக்கு மொட்டைப் பற்றி எவரும் சொல்லவில்லை போலும். நமக்கும் குருமடத்தில் ஏழாண்டு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். ஒரு கிளையை வளைத்துப் பார்க்கக் கற்பித்தவர் இல்லை.

மேட்டை நோக்கி நடக்கையில் காலடியில் ஓக் கொட்டைகள் நொறுங்கின. கிண்ணம் போன்ற தொப்பியணிந்த முட்டை வடிவக் கொட்டைகள் அவை. காக்கை இனத்தைச் சேர்ந்த ‘ஜே’ என்னும் பறவையொன்று, இறகில் நீலப் பட்டை மின்ன, ஒன்றைக் கவ்விச் சென்று புல்லில் புதைத்தது. ஒரு பருவத்தில் ஒரு பறவை ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் புதைத்து வைக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்து உண்டுவிடும். எடுக்க மறந்தவை முளைக்கும். ஓக் மரம் மேட்டின்மேல் ஏறியது இப்பறவையின் மறதியால் என்றும் சொல்லலாம்.

பெரியவரின் மேலங்கிப் பை சற்றுப் புடைத்திருந்ததைப் பேத்தி கண்டுவிட்டாள். எட்டுப் பத்துக் கொட்டைகள் உள்ளே இருந்தன. இங்கே கொட்டையோ செஸ்ட்நட்டோ காளானோ பொறுக்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மான்கள் குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பது அவற்றைக் கொண்டே. “விதை சாமி. சும்மா பார்க்கத்தான்” என்று சொல்லிக்கொண்டே, உழவர் ஒருவர் விதை விடுவதுபோல, ஒவ்வொன்றாகப் புல்லில் விட்டார்.

திடீரென அவர் குல்லாயைக் கழற்றினார். “கிளி!” என்றார்.

நாம் நம்பவில்லை. தலைக்குமேல் கீச்சிட்டுக்கொண்டு ஒரு பச்சைக் கூட்டம் பறந்தது. நீண்ட வால், சிவந்த அலகு. நம் ஊர்த் தென்னந்தோப்பில் காணும் அதே இனக் கிளிதான். கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் போனவற்றின் வழித்தோன்றல்கள் 1970கள் முதல் இலண்டனைச் சுற்றிக் கூடு கட்டி வாழ்கின்றன. பழைய ஓக் மரப் பொந்துகள் அவற்றுக்கு வாய்ப்பாயின. அந்நாட்டு மரங்கொத்திக்கும் வௌவாலுக்கும் பொந்து கிடைக்காமற் போகுமோ என்று அங்கே சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையிலும் பொருள் இல்லாமலில்லை. பெரியவருக்கு அதெல்லாம் தெரியாது. குல்லாயைக் கையில் பிடித்தபடி, கூட்டம் மறையும்வரை அண்ணாந்து நின்றார்.

“சோளக்கதிரை இதுகள் விடாது” என்றார். அதன் பிறகே மனத்தில் இருந்ததைச் சொன்னார். “வருகிற புதன்கிழமை கல்லறைத் திருநாள், சாமி. அவளுக்கு முதல் வருடம். சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லை. இவனிடம் கேட்டால் விமானச் செலவைச் சொல்வான்; அவன் சொல்வதும் நியாயம்தான். ஒரு மெழுகுதிரி மட்டும்...”

வீடு விற்பதைப் பற்றி எடுத்துச் சொல்லத் தகுந்த சமயம் என்று ஒருவர் நினைக்கக்கூடும். நாம் வாய் திறக்கவில்லை. “சுண்ணாம்புக்கு நாம் பொறுப்பு” என்றோம்.

பேத்தி தன் பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்தாள். தரையில் கிடந்த ஓக் இலையொன்றை அதன் கீழே வைத்து, மெழுகு வண்ணக் குச்சியால் மேலே தேய்த்தாள். அலையலையாக வளைந்த ஓரமும், நடுநரம்பும், கிளைநரம்புகளும் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்தன. இலையைத் திரும்பத் தரையிலேயே வைத்துவிட்டு, தாளின் அடியில் மைப்பேனாவால் ‘பாட்டிக்கு’ என்று தமிழில் எழுதினாள். ‘ட்’டின் புள்ளியை மறந்து, தாத்தா சொல்லிய பின் இட்டாள்.

மேட்டின்மேல் பெம்புரோக் மாளிகை இருக்கிறது. இன்று அது தேநீர் விடுதி. தாய் தந்தையை இழந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1876 முதல் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தது இவ்வீட்டில்தான் என்று அறிந்தபோது, குருமடத்தில் அவருடைய வாதங்களை மறுத்துத் தேர்வெழுதியது நினைவுக்கு வந்தது. தேநீர் நன்றாகவே இருந்தது. அருகிலுள்ள குன்றொன்றின் மேலிருந்து, வேலியில் விடப்பட்ட சிறு இடைவெளி வழியாகப் பார்த்தால், பத்து மைலுக்கு அப்பால் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அந்தக் காட்சியை மறைத்து எவரும் எதையும் கட்டிவிடாதபடி சட்டம் காக்கிறது. பெரியவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “தெரிகிறது” என்றார். ஆனால், கிளி பறந்த பக்கமே அவர் கண் போய்க்கொண்டிருந்தது. மகன் காரோடு வந்து சேர்ந்தபோது, தந்தை குல்லாயில்லாமல் நிற்பதைக் கண்டு திகைத்தார்.

நாம் ஞாயிறன்றே புறப்பட்டுவிட்டோம். நவம்பர் 2ஆம் நாள் கிளைக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் மாலைத் திருப்பலி. வாக்களித்தபடி முதல்நாளே சுண்ணாம்பு அடித்திருந்தோம்; ஐப்பசி மழையில் அது காயாமல் திட்டுத் திட்டாக நின்றது. கல்லறைகளை மந்திரித்து முடித்து, அம்மூதாட்டியின் சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றி, செபநூலுக்குள் வைத்திருந்த தாளை அதன் பக்கத்தில் ஒரு கல் பாரத்தில் வைத்தோம். தூறலில் ‘பாட்டிக்கு’ என்ற மை கரைந்து வழிந்தது; மெழுகில் தேய்த்த இலை மட்டும் அப்படியே இருந்தது.

பீடச் சிறுவன் ஒருவனின் கைப்பேசியில் பெரியவரை அழைத்துக் காட்டினோம். அங்கே நண்பகல். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தலைமாட்டுப் பக்கம் வேப்பஞ்சருகு கிடக்கிறது பாருங்கள். அதைக் கூட்டச் சொல்லுங்கள் சாமி. கூட்டி, மரத்தடியிலேயே போடச் சொல்லுங்கள்” என்றார். சிறுவன் கூட்டினான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தை பிறந்ததும் வருகிறேன்” என்றார். “வீட்டைத் திறந்து ஒரு நாள் காற்றோட்டமாக வைக்கச் சொல்லுங்கள்.” அவருக்குப் பின்னால் மகன் நிற்பது திரையில் தெரிந்தது. அவர் நம்மைப் பார்த்தார். பிறகு தந்தையின் தோளில் கை வைத்து, “சாவி பெரியப்பா வீட்டில் இருக்கிறது, ஃபாதர்” என்றார்.